பதினெட்டாவது துண்டு

கல்லூரித் தையல் மன்றத்தில் சேர்ந்த எட்டு மாதத்தில் அன்னக்கொடி ஒரு கைக்குட்டையைக்கூடப் புதிதாகத் தைத்து முடிக்கவில்லை. ஆனால் பதினோரு சாமான்களைப் பிரித்திருந்தாள். ஒரு குடை, இரண்டு ரவிக்கை, விடுதி ஆயாவின் சுருக்குப்பை, காவல்காரர் சுடலையின் காக்கித் தொப்பி என்று அது போனது. எல்லாம் கேட்டு வாங்கியவைதான். பிரித்ததைத் திரும்பச் சேர்த்தும் கொடுத்துவிட்டாள். தொப்பி மட்டும் முன்னைவிடச் சின்னதாகிப்போனது. சுடலை அதை உச்சந்தலையில் ஒட்டிவைத்தாற்போல மாட்டிக்கொண்டு கேட்டில் நின்றார். கேட்பவர்களிடம், "கெமிஸ்ட்ரிப் பொண்ணு சோதனை பண்ணுச்சு" என்றார்.

விளாங்குடியில் அவள் வீட்டில் ஊசி நூல் பிடித்தவர் யாருமில்லை. அவள் அய்யா என்று கூப்பிடும் அப்பா கருத்தக்கண்ணன் கத்தரியும் கீரையும் போட்டு ஆரப்பாளையத்தில் கொண்டுபோய்க் கொடுக்கிறவர். ஆத்தா சோலையம்மாள் அவருக்கு மேல் உழைக்கிறவள். வருஷத்துக்கு இரண்டு தடவை தையல்கடைக்குத் துணி போகும், ரவிக்கையாகத் திரும்பி வரும். தட்டையாகப் போனது எப்படித் தோளும் கையும் வைத்துக்கொண்டு வந்தது என்று வீட்டில் ஒருவரும் கேட்டதில்லை. அன்னக்கொடிக்கு அது சின்ன வயதிலிருந்தே உறுத்தல். கல்லூரி அறிவிப்புப் பலகையில் 'தையற்கலை மன்றம், சனிக்கிழமை தோறும்' என்று பார்த்ததும் பெயர் கொடுத்துவிட்டாள். பின்னாளில் மேலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் தையல் ஆசிரியையாகப் பல வருஷம் இருந்தாள் என்பதும் இங்கிருந்து வந்ததுதான். ஆனால் அதற்கு முன்னால், எழுபத்தொன்பதாம் வருஷச் சித்திரையில், அவள் பிரிக்கக் கூடாத ஒன்றைப் பிரித்தாள்.

மன்றத்தை நடத்தியவர் ராதாமணி மிஸ். தாவரவியல் வகுப்பு எடுப்பவர். தையல் அவருக்கு ஆசைக்கு. பதினெட்டுப் பெண்கள், இரண்டு மிதி மிஷின்கள், அதில் ஒன்று சனிக்கிழமைகளில் மட்டும் குறிபார்த்து மக்கர் பண்ணும். மிஸ்ஸிடம் ஒரே ஒரு வேதவாக்கு இருந்தது. துணியை நடுவில் மடித்து மேஜையில் போட்டு, உள்ளங்கையால் நீவிவிட்டுச் சொல்வார்: "மனுஷ உடம்பு மடிச்ச துணி மாதிரி. ஒரு பக்கத்த ஒழுங்கா வெட்டுங்க. மறுபக்கம் தானா வந்து சேரும்."

பரீட்சை முடிந்ததும் பத்து நாள் முகாம் வைத்தார்கள். அவரவர் வீட்டிலிருந்து ஓர் உடையைக் கொண்டுவந்து, அளந்து, பழுப்புத்தாளில் அதன் வெட்டை வரைய வேண்டும். ஒருத்தி பாவாடை கொண்டுவந்தாள். இன்னொருத்தி தங்கச்சியின் கவுன் கொண்டுவந்தாள். அன்னக்கொடிக்கு வீட்டுத் தகரப்பெட்டியில் இருந்த அய்யாவின் அங்கி ஞாபகம் வந்தது.

அழகர் ஆற்றில் இறங்கும்போது தோல்பையிலிருந்து சாமிமேல் தண்ணீர் பீய்ச்சுகிறவர்கள் போடும் அங்கி அது. மஞ்சள் சாட்டின் துணி, மேலே சிவப்புப் பட்டைகள், இடுப்புக்குக் கீழே குடைபோல விரியும் மடிப்புகள். இரண்டரை வருஷத்துக்கு முன்னால் சோலையம்மாளின் வயிற்றில் கட்டி வந்து பெரியாஸ்பத்திரியில் கிடந்தபோது, பிழைத்து வந்தால் மூன்று வருஷம் விடாமல் வேஷங்கட்டித் தண்ணீர் பீய்ச்சுவதாகக் கருத்தக்கண்ணன் நேர்ந்திருந்தார். சோலையம்மாள் பிழைத்து வந்தாள். புதுமண்டபத்துத் தையல்காரர்களிடம் அளவு கொடுத்து அங்கி தைத்து, இரண்டு சித்திரை போட்டாயிற்று. இது மூன்றாவது. நடுவில் ஒரு வருஷம் தவறினாலோ குறைபட்டாலோ திரும்ப முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர்கள் வீட்டு முறையில் இன்னொன்றும் உண்டு. அங்கி உடம்பில் ஏறிவிட்டால், தண்ணீர் பீய்ச்சி முடியும்வரை இறங்கக் கூடாது.

அளக்கத்தான் அன்னக்கொடி அதை எடுத்தாள். அளவுகள் தாளில் ஒட்டவில்லை. வெளியிலிருந்து பார்த்தால் அந்தப் பட்டைகளுக்கு அடியில் எது எதோடு சேர்கிறது என்று தெரியவே இல்லை. அய்யாவும் ஆத்தாவும் கத்தரிக்குத் தண்ணீர் பாய்ச்சப் போன ஒரு காலைப்பொழுதில், கதவைச் சாத்திவிட்டுப் பிளேடு எடுத்து உட்கார்ந்தாள். ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, கழற்றிய இடத்தை நோட்டில் வரைந்து எண் போட்டாள். ஆற்றில் இறங்க இன்னும் ஒன்பது நாள் இருந்தது. நாலே நாளில் சேர்த்துவிடலாம். கடைசிப் பக்கத்தைப் பிரித்துக்கொண்டிருந்தபோது ஆத்தாவின் குரல் தெருவில் கேட்டது. மீதித் தையலை வரையாமலே ஒரே இழுப்பில் இழுத்து, எல்லாவற்றையும் பைக்குள் திணித்து, மேலே ஆர்கானிக் கெமிஸ்ட்ரி நோட்டை வைத்தாள்.

மறுநாள் முகாமில் எண்ணிப் பார்த்தாள். முன்பக்கம் இரண்டு, முதுகு ஒன்று, கை இரண்டு, கழுத்துப்பட்டி ஒன்று, கீழ் மடிப்புகள் நான்கு, சிவப்புப் பட்டை ஏழு. நோட்டில் பதினேழு. மேஜையில் பதினெட்டு. உள்ளங்கை அகலத்தில் நாலு மூலையுள்ள ஒரு மஞ்சள் துண்டு கூடுதலாகக் கிடந்தது.

பக்கத்து மேஜை சுந்தரவல்லி எட்டிப் பார்த்தாள். கிருஷ்ணராயர் தெப்பக்குளத்துப் பக்கம் சாயப்பட்டறைக் குடும்பம். வாயில் எப்போதும் நக்கல்.

"எதுலேருந்துடி வந்துச்சு?"

"தெரியல."

"குட்டி போட்டுருச்சு போல. ராசியான துணி."

அன்னக்கொடி சிரிக்கவில்லை. விஷயத்தைச் சொன்னதும் சுந்தரவல்லியும் சிரிப்பதை நிறுத்தினாள். அன்று மதியம் இருவரும் புதுமண்டபத்துக்குப் போனார்கள். கல்தூண்களுக்கு நடுவே மிஷின்கள் மழைபோல இரைந்துகொண்டிருந்தன. குல்லாக்களும், தேரில் தொங்கவிடும் துணித் தொம்பைகளும் கயிறு கட்டித் தொங்கின. திருவிழா நெருக்கத்தில் யாரும் தலை தூக்கவில்லை. அங்கி தைத்த சந்தானம், மிதித்த காலை நிறுத்தாமலே துண்டை வாங்கிப் புரட்டினார்.

"யாரு பிரிச்சது?"

"எலிண்ணே" என்றாள் அன்னக்கொடி.

"நூல மட்டும் கடிச்சிருக்கு. துணியில பல்லே படல. நல்லாப் படிச்ச எலிதேன்." துண்டைத் திருப்பி நீட்டினார். "ஆளக் கூட்டியா, அங்கியக் கொண்டா. துண்ட மட்டும் காட்டுனா நான் என்ன ஜோசியமா பாக்க? அதுவும் இப்ப ஆகாது. சாமி மலைக்குத் திரும்புனப்பறம் வா."

அதற்குப் பிறகு வந்து பிரயோசனமில்லை. மிச்சமிருந்த நாட்களில் இருவரும் முகாமிலேயே அங்கியைச் சேர்த்தார்கள். பதினேழு துண்டும் பதினேழு இடத்தில் வழுவழுவென்று உட்கார்ந்தன. இடது பக்கமும் வலது பக்கமும் ஒரே வெட்டு. பதினெட்டாவது நுழைய எங்கும் இடம் இல்லை. ராதாமணி மிஸ் முதலில் நன்றாகத் திட்டினார். பிறகு கண்ணாடியை ஏற்றிக்கொண்டு துண்டைப் பார்த்தார்.

"ரெண்டு இருந்தா, ரெண்டு பக்கத்துக்கும்னு சொல்லலாம். ஒண்ணுதானே இருக்கு? உள்ளுக்குள்ள கிழிசலுக்கு ஒட்டுப் போட்டிருப்பாங்க. விடு."

சரியான பதில்தான். ஆனால் அந்தத் துண்டின் நாலு ஓரத்திலும் ஊசித்துளைகள் வரிசையாக இருந்தன. நாலு பக்கமும் எதையோ பிடித்துக்கொண்டிருந்த துணி. ஒட்டுப் போட்டிருந்தால் அதற்கு அடியில் ஒரு கிழிசல் இருக்க வேண்டுமே, அது எங்கே என்று அன்னக்கொடிக்கு மனசு அரித்தது. துண்டை நோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். அங்கி பெட்டிக்குள் போனது.

ஆற்றில் இறங்குவதற்கு முந்தின நாள், சாமியை எதிர்கொண்டு அழைக்கிற எதிர்சேவை அன்று, உச்சிப்பொழுதில் கருத்தக்கண்ணன் குளித்து, நாமம் போட்டு, அங்கியையும் குல்லாவையும் மாட்டினார். சோலையம்மாள் பின்னால் நாடாவை இழுத்துக் கட்டினாள். தோள் சரியாக நின்றது, மடிப்புகள் விரிந்தன. சுவரோரம் சாய்ந்து பார்த்துக்கொண்டிருந்த அன்னக்கொடிக்கு மூச்சு வந்தது. கருத்தக்கண்ணன் ஆணியில் தொங்கிய ஆட்டுத்தோல் பையை எடுத்து இடது கக்கத்தில் இடுக்கப் போனார். கை பாதி உயரத்துக்கு மேல் போகவில்லை. இன்னும் தூக்கியபோது தையல் நறுக்கென்றது. உடனே கையை இறக்கிவிட்டார்.

"கவ்வுது" என்றார்.

"சதை போட்டுட்டீக" என்றாள் சோலையம்மாள். "நான் ஊத்துற கஞ்சிக்கு வேற என்ன ஆகும்."

"போன வருசமும் இதே அங்கிதேன். வலது கை நல்லாப் போகுதே." மறுபடி தூக்கிப் பார்த்தார். பையை மடியில் வைத்துக்கொண்டு முக்காலியில் உட்கார்ந்தார். குல்லாவுக்குக் கீழே முகம் சுருங்கிப்போயிருந்தது. அதிகம் பேசாத மனுஷர். யாருக்கும் சொல்லாததுபோலச் சொன்னார்: "சாமிக்கு இந்த வருசம் மனசில்லயோ என்னமோ."

சோலையம்மாளின் கை தன்னாலே வயிற்றுக்குப் போனது. அதை அன்னக்கொடி பார்த்துவிட்டாள்.

"சாமி இல்லய்யா" என்றாள். "நான்தேன்."

"என்ன நீ?"

"அங்கியப் பிரிச்சுட்டேன்."

"படிக்க அனுப்புன புள்ள, சாமி துணிய அவுத்துப் பாத்திருக்கா" என்று சோலையம்மாள் சுவரைப் பார்த்துச் சொன்னாள். கருத்தக்கண்ணன் தலையைக் குனிந்து அங்கியின் தையலைத் தடவினார்.

"எம்புட்டுப் பிரிச்ச?"

"அம்புட்டும்."

"திரும்பப் பூட்டிட்டியா?"

"ஒரு துண்டு மிஞ்சிருச்சுய்யா."

அவர் வாயோரம் லேசாகக் கோணியது. "பம்புசெட்டப் பிரிச்சுப் பூட்டுனா எனக்கும் ஒரு மரை மிஞ்சத்தேன் செய்யும். ஆனா அது ஓடிரும். இது ஓடலயே தாயி."

அன்னக்கொடி நோட்டிலிருந்து துண்டை எடுத்தாள். "பைய எப்படி இடுக்குவீக? ஒரு தடவ செஞ்சு காட்டுங்க, மெதுவா."

அவர் எழுந்து நின்றார். இடது கக்கத்தில் பையை வைத்து முழங்கையால் அமுக்கி, வலது கையால் குழலைப் பிடிப்பதாகக் காட்டினார். அன்னக்கொடி குனிந்து, தூக்கிய கைக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தாள். துணி இறுகி ஒரு கயிறாக நின்றது. அந்த ஒரு இடம், அந்த ஒரு கை. வலது கக்கத்தில் எதுவும் இடுக்குவதில்லை. அங்கே எதுவும் வேண்டாம். மடித்து வெட்டினால் கிடைக்காத உடம்பு இது, ஒரு பக்கம் தண்ணீர் சுமக்கிற உடம்பு. கக்கத்துத் தையலை நாலு விரல் நீளம் திறந்துவிட்டு, நாலு மூலைத் துண்டை அந்தத் திறப்பில் பொருத்தியிருக்கிறார்கள். அதனால்தான் வெட்டில் தடயமே இல்லை.

"அசையாதீகய்யா. இப்படியே நில்லுங்க, தைச்சுர்றேன்."

"உடம்புல போட்ட துணிய ஊசியால தொடக் கூடாது" என்றாள் சோலையம்மாள்.

"அப்பக் கழத்தட்டும்."

"கழத்தவும் கூடாது. ஏறுனது எறங்கப்படாது."

வெளியே தெருவில் கொட்டுச்சத்தம் நெருங்கியது. அவுட்போஸ்ட் பக்கம் போகிற வண்டியில் ஆள் ஏற ஆரம்பித்திருந்தார்கள். யாரோ, "கருத்தக்கண்ணண்ணே, வாரீகளா இல்லயா" என்று கூப்பிட்டார்.

சோலையம்மாள் புருஷனைச் சுற்றி ஒரு சுற்று வந்தாள். கத்தரிக்காயில் சொத்தை பார்ப்பவள்போலப் பார்த்தாள்.

"இடது கைய மட்டும் உள்ளுக்கு இழுங்க" என்றாள். "கையி வெளியில வரட்டும். அங்கி தோள்ல கிடக்கட்டும். வலது கை உள்ளேதான இருக்கு? அங்கி எறங்கல. தைக்கிற எடத்துல உடம்பும் இல்ல."

கருத்தக்கண்ணன் யோசித்தார். "சாமி ஒத்துக்கிருமா?"

"கேட்டா நான் சொல்லிக்கிறேன். எனக்காகத்தான நேந்தீக."

அவர் கையை உருவினார். இடது தோளில் காலி அங்கி தொங்க, மார்பு பாதி தெரிய, குல்லாவோடு வாசலைப் பார்த்து நின்றார். அன்னக்கொடி முழங்காலிட்டு, தையலைத் திறந்து, துண்டின் மூலைகளைப் பொருத்தினாள். பழைய ஊசித்துளைகள் பழைய ஊசித்துளைகளோடு சேர்ந்தன. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயம் போய், வாயில் கருப்பட்டி போட்டதுபோல ஒன்று ஊறியது. சோலையம்மாள் நூலைக் கோத்துக் கோத்துக் கொடுத்தாள். ஒவ்வொரு தடவையும், "பிரிச்ச கையி" என்றாள். இரண்டு தடவை வண்டிக்காரர் கூப்பிட்டார். மூன்றாம் தடவை கூப்பிட்டபோது கருத்தக்கண்ணன் கையை உள்ளே விட்டு, பையை இடுக்கி, முழங்கையை மேலும் கீழும் ஆட்டினார். தையல் சத்தம் போடவில்லை.

"ஓடுது" என்றார். இறங்கி வேகமாக நடந்தார்.

மறுநாள் விடிந்ததும் விடியாததுமாக வைகையில் மணல் தெரியாத கூட்டம். சோலையம்மாள் மகளின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு முண்டினாள். குதிரை வாகனம் தலைகளுக்கு மேலே அசைந்து வந்தது. இருநூறு தோல்பைகள் ஒரே நேரத்தில் உயர்ந்தன. அதில் கருத்தக்கண்ணனின் முழங்கை நன்றாகத் தூக்கி, நன்றாக அமுங்கியது. குழலிலிருந்து தண்ணீர் வளைந்து போய்ச் சாமியின் மேல் விழுந்தது. மூன்றாவது வருஷமும் முடிந்தது. சோலையம்மாள் கும்பிட்ட கையை இறக்காமல் அழுதாள்.

அன்னக்கொடி அய்யாவைப் பார்த்த கண்ணைப் பக்கத்து ஆளின் மேல் போட்டாள். இடது கக்கத்தில் ஒரு பச்சைத் துண்டு. அடுத்தவர், இடதில் ஒரு நீலத் துண்டு. அதற்கு அடுத்தவருக்குத் துண்டே இல்லை. அவர் கை பாதியில் நின்று தண்ணீர் முன்னால் இருந்தவர் முதுகில் விழுந்தது. அவள் எண்ண ஆரம்பித்தாள். இருபத்து மூன்றாவது ஆள் பையை வலது பக்கம் இடுக்கியிருந்தார்.

இடதுகைக்காரர். அவர் கக்கத்தை அவள் பார்த்தாக வேண்டும்.

"சாமி அங்கிட்டுடி" என்றாள் சோலையம்மாள்.

"இந்தா வாரேன் ஆத்தா." மணிக்கட்டை உருவிக்கொண்டு அன்னக்கொடி கூட்டத்துக்குள் நுழைந்தாள். நெருங்கி, "அண்ணே, கையக் கொஞ்சம் தூக்குங்க" என்றாள். அவர், தண்ணீர் கேட்கிறாளாக்கும் என்று, வலது முழங்கையை உயரத் தூக்கி அவள் முகத்திலேயே பீய்ச்சினார். கண்ணை மூடாமல் பார்த்தாள். துண்டு வலது பக்கம்தான் இருந்தது.