சட்டையைக் கழட்டச் சொன்ன நர்ஸம்மா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மார்கழி மாதம். நல்லூரில் ஒரு பனியன் கம்பெனியில் நிட்டிங் மெஷின் ஓட்டிக்கொண்டிருந்தேன். மனைவிக்கு எட்டாம் மாதம் தொடங்கியதுமே வலி வந்து, பக்கத்து ஆஸ்பத்திரியில் பையன் பிறந்தான். கோழிக்குஞ்சு மாதிரி இருந்தான்.

அங்கிருந்த ஒரே இன்குபேட்டரில் வேறொரு குழந்தை. கோயம்புத்தூர் கொண்டுபோவதற்குள் உடம்பு சில்லிட்டுவிடும், எப்படியாவது சூடு குறையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார் டாக்டர். மனைவியோ ரத்தப்போக்கில் மயங்கிக் கிடந்தாள்.

பனியன்காரன் புத்தி எங்கே போகும்? கம்பெனிக்கு ஓடி, அட்டைப்பெட்டி நிறைய கட்டிங் வேஸ்ட் அள்ளி வந்தேன். அந்தத் துணித் துணுக்குகளுக்கு நடுவே பையனைப் படுக்கவைத்துவிட்டு, பெரிய சாமர்த்தியசாலிபோல நின்றேன்.

நர்ஸம்மா வந்து பார்த்தார். என்னைவிடச் சின்னவர்தான். பதறிப்போய்க் குழந்தையைத் தூக்கினார். மூக்கோரம் பஞ்சுத்தூசி ஒட்டியிருந்தது.

"ஏனுங்க, மூச்சு முட்டிக் கொல்லப் பாக்கறீங்களா? சட்டையக் கழட்டீட்டு நெஞ்சோட சேத்துப் புடிங்க."

சுற்றிலும் பெண்கள். "அதெல்லாம் பொம்பளைங்க வேலைங்களே... எங்கக்கா சாயங்காலம் வந்துருவாங்க" என்று இழுத்தேன்.

"சாயங்காலம் வரைக்கும் இவன் இருக்கோணுமில்லீங்க?"

கழட்டினேன். அவன் பாதம் என் விலாவில் பட்டது, ஐஸ் மாதிரி. வெட்கமெல்லாம் அத்தோடு போயிற்று. அவன் நழுவாமலிருக்க வழி தேடியபோதுதான் எனக்கு உருப்படியான யோசனை வந்தது. எங்கள் மெஷினில் துணி தையலே இல்லாமல் குழாய்போல வரும். ஆள் அனுப்பி, துவைத்த துணியில் ஒரு துண்டு வரவழைத்தேன். மெஷின் எண்ணெய் வாடை இல்லையென்று நர்ஸம்மா முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் விட்டார். நானும் பையனும் அதற்குள் நுழைந்துகொண்டோம். பொழுது சாயும்போது அந்தப் பாதம் வெதுவெதுப்பாகியிருந்தது. நான் அழுதேன்.

ஒரு வயதாகியும் அவன் எழுந்து நிற்கவில்லை. மனைவி தவித்துப்போனாள். "பொறந்த நாள்ல இருந்து எண்ணாதீங்க கண்ணு, பொறக்க வேண்டிய நாள்ல இருந்து எண்ணுங்க" என்று அதே நர்ஸம்மா தைரியம் சொல்லி, கால் பயிற்சியும் கற்றுக்கொடுத்தார். தாமதமாகத்தான் நடந்தான், தாமதமாகத்தான் பேசினான். கண்ணாடி போட்டிருக்கிறான். இப்போது வாய் ஓய்வதில்லை.

இன்றும் மெஷினிலிருந்து துணியை இறக்கி, ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க உள்ளே கைவிடும்போதெல்லாம் அந்தச் சில்லிட்ட பாதம் ஞாபகம் வரும். அன்றைக்கு அந்த அம்மா என்னைத் திட்டாமல் விட்டிருந்தால், சட்டையும் கௌரவமும் கலையாமல் நின்றே என் பிள்ளையைப் பறிகொடுத்திருப்பேன்.