பீரோ கதவில் ஒரு முட்டை

போன வாரம் மகள் அனுப்பிய பீங்கான் கோப்பை பார்சலில் வந்தது. பெட்டியைத் திறந்ததும் நான் கோப்பையை எடுக்கவில்லை. சுற்றி அடைத்திருந்ததைத்தான் முதலில் எடுத்தேன். பழக்கதோஷம். காற்றடைத்த பிளாஸ்டிக் பைகள், குட்டித் தலையணைகள் மாதிரி. மோந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை.

நான் தேடிய வாசனை எது தெரியுமா? மெஷின் எண்ணெயும் மரத்தூளும் வெளிநாட்டு மையும் கலந்த ஒன்று. தொண்ணூறுகளில் புனே பக்கத்துச் சிஞ்ச்வட்டில், வண்டி விளக்கு செய்யும் ஒரு கம்பெனியில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். பத்தாவது வரை படித்தவள். கல்யாணமாகித் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து புனேவுக்கு வந்தவள். யாராவது பெயர் கேட்டாலே பக்கத்தில் இருப்பவள் பின்னால் போய் நின்றுகொள்வேன். எங்கள் பிரிவில் எட்டுப் பெண்கள். ஏழு பேர் மராத்தியில் பேசுவார்கள், நான் சிரிப்பேன்.

ஜப்பானிலிருந்தோ ஜெர்மனியிலிருந்தோ மெஷின் வந்து இறங்கினால் மரப்பெட்டியைப் பிரிப்பதும் நாங்கள்தான். இடுக்குகளில் பத்திரிகைத் தாள்களைக் கசக்கித் திணித்திருப்பார்கள். மற்றவர்கள் கூட்டித் தள்ளுவார்கள், நான் பிரித்துப் பார்ப்பேன். ஒரு தாளில் கரண்டிகளை வளைத்தே செய்த நாற்காலி. (உட்கார்ந்தால் குத்தாதா என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.) இன்னொன்றில் அறை முழுக்க நீல நூல் பின்னி, நடுவில் மீன் மாட்டியதுபோல ஒரு சைக்கிள். மற்றொன்றில் ஒரு மழைத்துளிக்குள் ஊரே தலைகீழாகத் தெரியும் போட்டோ. யார் செய்தது, எதற்குச் செய்தது, ஒன்றும் தெரியாது. ஒருத்தருக்கு இப்படியெல்லாம் தோன்றலாம், தோன்றியதைச் செய்தும் பார்க்கலாம், அதற்கு யாரும் திட்டமாட்டார்கள் என்பது மட்டும் புரிந்தது. எனக்கு அது பெரிய செய்தி.

அந்தத் தாள்களை வீட்டில் இஸ்திரி போட்டு, பீரோ கதவின் உட்பக்கம் ஒட்டினேன். "ஏட்டி, ஊர்ல சேலைக்கு இஸ்திரி போடுவாங்க. நீ குப்பைக்குப் போடுதியே" என்பார் என் வீட்டுக்காரர்.

அதில் எனக்கு ரொம்பப் பிடித்தது ஜப்பானிலிருந்து வந்த ஒரு தாள். வெள்ளைக் காகிதத்தில் வரிசையாகக் கீறல் போட்டு, இழுத்து, வலைபோல விரித்த ஒரு கூடை. அதற்குள் ஒரு முட்டை. பசை இல்லை, நூல் இல்லை, ஒற்றைக் காகிதம். சேலை எடுக்கப் போகும்போதெல்லாம் அதன் முன்னால் ஒரு நிமிடம் நின்றுவிடுவேன்.

அந்தச் சமயத்தில் எங்கள் விளக்குக் கண்ணாடிகள் போகிற இடத்தில் உடைந்துகொண்டே இருந்தன. வைக்கோல் வைத்தோம், தெர்மாகோல் வைத்தோம், பலனில்லை. ஒருநாள் சூப்பர்வைசர் ஜாதவ் சாஹேப் எங்களை நிற்கவைத்துச் சொன்னார்: அடுத்த லோடும் உடைந்தால் பேக்கிங்கை வெளி ஆளுக்குக் கொடுத்துவிடுவார்கள், எட்டுப் பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். எங்களில் மூத்தவள் சுமன். அக்கா என்கிற மரியாதையில் சுமன் தாயி என்போம். சரியான வாயாடி. அவளே அன்றைக்கு டீ கிளாசை அப்படியே வைத்துவிட்டுப் பெட்டிகளை எண்ணப் போய்விட்டாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் பீரோவைத் திறந்து வைத்துக்கொண்டு, பழுப்புப் பேக்கிங் தாளில் பிளேடால் கீற ஆரம்பித்தேன். நான்கு தாள் கிழிந்தது. ஐந்தாவது விரிந்தது. அதற்குள் முட்டையை வைத்து, தாளின் ஓரங்களை அட்டைப்பெட்டிக்குள் மடித்துச் செருகி, இரண்டாம் மாடி பால்கனியிலிருந்து கீழே போட்டேன்.

"கொழம்புக்கு வச்சிருந்த முட்டைட்டி அது!" என்று கத்திக்கொண்டே வீட்டுக்காரர் படியில் ஓடினார். பெட்டியைப் பிரிக்கும் சத்தம் கேட்டது. பிறகு கீழேயிருந்து, "ஏட்டி... ஒடையல!"

எங்கள் கம்பெனியில் ஒரு வழக்கம் உண்டு. புதுப் பெட்டி எதுவானாலும் டீ நேரத்தில், கேன்டீன் மாடிப்படி உச்சியிலிருந்து, எல்லார் முன்னாலும் கீழே போட வேண்டும். செய்தவர்தான் போட வேண்டும், அவரேதான் திறக்க வேண்டும். உடைந்தால் ஒரு மாதத்துக்குக் கிண்டல் ஓயாது. மறுநாள் நான் முட்டைக் கதையைச் சுமன் தாயியிடம் கைஜாடையும் அரைகுறை இந்தியுமாகச் சொல்லி, அதேபோலத் தாள் வலைக்குள் விளக்குக் கண்ணாடி வைத்த பெட்டியை அவள் கையில் திணித்து, நீங்களே போடுங்கள் என்று கெஞ்சினேன்.

"அரே வா! முட்டை உன்னுது, அடைகாக்க நானா? ஏறு மேல!" முதுகில் கைவைத்துத் தள்ளினாள்.

ஏறினேன். கீழே டீ கிளாசும் கையுமாக மொத்தக் கம்பெனியும். கண்ணை மூடிக்கொண்டு விட்டேன். பெட்டி ஒவ்வொரு படியாக மோதி உருண்டு போவது கேட்டது. இறங்கி வந்து, ஒட்டின டேப்பைப் பிரித்தேன். எட்டுத் தலைகளும் பெட்டிமேல் குனிந்தன. கண்ணாடி தன் வலைக்குள் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கேன்டீன் ட்யூப்லைட் அதில் ஒரு கீறல் இல்லாமல் தெரிந்தது.

ஜாதவ் சாஹேப் நம்பவில்லை. மொட்டைமாடிக்கே ஏறிப்போய்த் தானும் ஒருதடவை போட்டார். உடையவில்லை. மூச்சு வாங்க இறங்கி வந்து, "பாயி, எங்க கத்துக்கிட்ட இதை?" என்று மராத்தியில் கேட்டார். (பாயி என்றால் அம்மணி.) வழக்கம்போல சிரித்துவிட்டு நகரத்தான் பார்த்தேன். என்னவோ, குரல் வந்தது.

"மேரே அல்மாரி மே."

என் பீரோவில் என்றதும் சுமன் தாயி அடித்த விசில் இன்னும் என் காதில் இருக்கிறது. அந்த லோடு முழுசாகப் போய்ச் சேர்ந்தது. எட்டுப் பேரில் ஒருத்தியும் வீட்டுக்குப் போகவில்லை.

பல வருஷம் கழித்து, மகள் லேப்டாப்பில் உலகத்துக் கலைப்பொருள்களை ஒவ்வொன்றாகத் தள்ளிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் கத்தினேன்: "நில்லு, இது நம்ம பீரோ முட்டை!" அவள் திரையைப் பார்த்தாள், பீரோவைத் திறந்து பார்த்தாள்.

"அம்மா, இது டோக்ரி இல்லம்மா. லாம்ப். நீ உல்டா ஒட்டியிருக்க."

கூடை இல்லையாம், விளக்காம்; நான் தலைகீழாக ஒட்டியிருக்கிறேனாம். முட்டை என்று நான் கும்பிடாத குறையாகப் பார்த்தது பல்பு. ஒயர் இருந்த பக்கம் கிழிந்திருந்தது. கிழிசல் கீழே போகட்டும் என்று நான்தான் திருப்பி ஒட்டியிருக்கிறேன். ஜப்பான் எழுத்து நேராக நிற்கிறதா, தலைகீழாக நிற்கிறதா என்று நான் எதைக் கண்டேன்?

வீட்டுக்காரர்தான் முதலில் சிரித்தார். "நேரா ஒட்டியிருந்தா கம்பெனிக்கு பல்புதான் மாட்டிட்டு வந்திருப்ப."

கம்பெனி இருந்த இடத்தில் இப்போது அடுக்குமாடி நிற்கிறது. கேன்டீன் படிக்கட்டு இல்லை. நாங்கள் கோந்த்வாவுக்கு வீடு மாறியபோது, துருப்பிடித்த பீரோ பழைய இரும்புக்குப் போனது. தாள்கள் கதவோடு கதவாகிவிட்டிருந்தன, பிய்க்க வரவில்லை. கசங்கிய தாள்கள் கடல் தாண்டி வருவதும் நின்றுவிட்டது. இப்போது அந்த மாதிரிப் படங்கள் என் போனிலேயே தினமும் வருகின்றன, செய்தவர் பெயரோடு, ஊரோடு. விடாமல் பார்க்கிறேன். சிலசமயம் போனைத் தலைகீழாகத் திருப்புகிறேன். படம் உடனே தானாகத் திரும்பி நேராகிவிடுகிறது.