கொட்டலசின் வட்டம்

அப்பா இறந்தபின் செய்ய வேண்டிய வேலைகளில் கடைசியாக மிஞ்சியது குளியலறைக் கைப்பிடி. துவாரகாவில் உள்ள என் வீட்டில் அவர் பிடித்து எழுவதற்காக நான் சுவரில் ஒட்டியது. கீழ்வீட்டுப் பெரியவருக்குக் கொடுக்கலாம் என்று இன்று பிளம்பரைக் கூப்பிட்டுக் கழற்றினேன். அதன் இரண்டு முனைகளும் ஒட்டியிருந்த இடத்தில், உப்புத்தண்ணீரின் கறை படிந்து, இரண்டு வெள்ளை வட்டங்கள் இருந்தன.

நான் சிறுமியாக இருந்தபோது, சரோஜினி நகர் குவார்ட்டர்ஸில் காலைதோறும் அப்பாவின் பாதத்தில் ஏறி உட்கார்ந்து முழங்காலைக் கட்டிக்கொள்வேன். அப்போதுதான் இஸ்திரி போட்ட பேண்ட் கன்னத்தில் சுடும். அவர் ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

“ஏட்டி கொட்டலசு, விடுட்டி.”

கொட்டலசு என்பது கடலில் படகின் அடியில் சுண்ணாம்பு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும் சிற்றுயிர். அது சேர்ந்தால் படகின் வேகம் குறையும். தூத்துக்குடியில் சின்ன வயதில் அப்பா அதைச் சுரண்டியிருக்கிறார்.

“படகுல ஒட்டினா சுரண்டுவீங்க, கால்ல ஒட்டினா சுமப்பீங்களோ?” என்பாள் அம்மா.

“சுரண்டினாலும் வட்டம் போகாது, மேரி,” என்று சொல்லி, என்னையும் இழுத்துக்கொண்டு நொண்டி நொண்டி கேட் வரை நடப்பார்.

கடைசி மாதங்களில் ஒரு கையால் கைப்பிடியையும் மறு கையால் என் தோளையும் இறுகப் பிடித்துக்கொண்டு, “இப்ப நாந்தாம்ட்டி கொட்டலசு,” என்று சிரித்தார்.

பிளம்பர் ஆசிட் பாட்டிலை எடுத்தார். “தாக் நிகால் தூன், மேடம்?” அந்தக் கறையைப் போக்கிவிடுவதாகச் சொன்னார்.

“நஹீ, ரெஹ்னே தோ,” அது அப்படியே இருக்கட்டும் என்று பாட்டிலை மூடச் சொன்னேன்.