மூத்த மருமகனுக்கு வராத வசதி

கடை ஷட்டரைப் பாதிதான் தூக்கியிருந்தேன். ஆசியா உம்மா குனிந்து உள்ளே வந்துவிட்டா. கையில் இரண்டு போன்.

"மனே, நீ என்ட குடும்பத்தப் பிரிச்சிட்டாய்."

ஏறாவூரில் போன் திருத்தும் எனக்கு விழாத பழியில்லை. திரையை உடைத்தவன், படங்களை அழித்தவன் என்றெல்லாம் பெயருண்டு. பாதி உண்மையும்கூட. குடும்பம் பிரித்தவன் என்பது மட்டும் புதுசு.

விசயம் இதுதான். நம்ம பக்கத்தில் கலியாணம் முடித்த ஆம்பிளை பெண் வீட்டுக்குத்தான் குடிபோவான். உம்மாவின் இரண்டு மருமகன்மாரும் ஒரே வளவில் பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கும் அதையே கொடுக்க வேண்டும். பெருநாளுக்கு இருவருக்கும் ஒரே மாதிரி போன், என்னிடம்தான் வாங்கினா. இப்போது இளையவர் நவாஸ் தேடுபொறியில் எதைக் கேட்டாலும், திரையின் மேலேயே எழுதின பதில் வருகிறது. மூத்தவர் சலீமுக்குப் பழையபடி வெறும் லிங்குகள்தான்.

"கடைசி மகள்ட கலியாணம் வாற வெள்ளி. 'குறைஞ்ச போன் தந்த வீட்டுச் சோறு எனக்கு வேணாம்' எண்டு மூத்தவர் சொல்லிட்டார். அவர் இல்லாம மாப்பிள்ள வீட்டாக்கள ஆரு மனே வாசல்ல நிண்டு வரவேற்கிற?"

"அஞ்சு நிமிச வேலை சாச்சி. நீங்க போங்க" என்றேன். பெருமை பேசக் காசா பணமா?

சலீமின் போனுக்கு அப்டேட் போட்டேன். வரவில்லை. கேஷ் அழித்தேன். வரவில்லை. மொழியை மாற்றிப் பார்ப்போம் என்று அரபியைத் தொட்டேன். திரை முழுக்க இடம் வலமாகப் புரண்டது, திரும்பி வர வழி தெரியாமல் நின்றேன். அந்த நேரம் பார்த்து சலீமே வந்தார், காலில் வயல் சேற்றோடு. என்னை அண்ணன் முறையில் 'நானா' என்பவர்.

"என்ன நானா, என்ட போனுக்கு மௌலவி வேலையா?"

"இது ரோல்அவுட் தம்பி. புது வசதிய எல்லாருக்கும் ஒரே நாள்ல விடமாட்டானுகள். வயல் வட்டைக்குத் தண்ணி விடுற மாதிரி. வாய்க்கால் தலைப்பில இருக்கிற காணிக்கு முதல்ல, கடைசிக் காணிக்குப் பிறகு."

"அப்ப நான் கடைசிக் காணி?"

வாயை மூடியிருக்கலாம்.

"தண்ணி வராட்டி அதப் பங்கிடுற வட்டை விதானைட கழுத்தப் பிடிப்பன். இந்த வாய்க்காலுக்கு விதானை ஆரு?" என்று என்னை மேலும் கீழும் பார்த்தார்.

கழுத்தைத் தடவிக்கொண்டே சொன்னேன்: "கொஞ்சம் கொஞ்சமா விடுறது ஏன் தெரியுமா? பிழை கிழை இருந்தா, அந்தக் கொஞ்சப் பேரோட பிடிபடட்டும் எண்டுதான்."

சலீம் யோசித்தார். "அப்ப நவாஸுக்கு வந்தது இன்னும் பாத்து முடிக்காத சாமானா?"

கதவு கொஞ்சம் திறந்தது. நான் காலை வைத்துவிட்டேன்.

"கலியாண வீட்டு இறைச்சி ஆணத்துக்கு உப்புப் பாக்கிறது ஆரு?"

"இளசுகள்."

"பாத்து முடிய ஆருக்கு வைக்கிற?"

"மூத்தாக்களுக்கு."

சலீம் சேற்றுக் காலோடு கதிரையில் சாய்ந்து, "பாவம் அந்தப் பொடியன்" என்று சிரித்தார்.

வெள்ளிக்கிழமை வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்து உள்ளே அனுப்பியவர் அவர்தான். நவாஸோடு ஒரே சஹன் தட்டைச் சுற்றி இருந்து சாப்பிட்டார். நல்ல இறைச்சித் துண்டை நவாஸ் பக்கம் தள்ளியும் விட்டார்.

பிறகொரு நாள் அந்த வசதி சலீமுக்கும் வந்தது. சந்தோசமாகக் காட்ட வந்தாரா? இல்லை. நவாஸைக் கையோடு கூட்டி வந்து, "முதல்ல நீ கேட்டுப் பாரு தம்பி" என்று போனை நீட்டினார். இருவரும் என் மேசையை மறித்துக்கொண்டு மத்தியானம் வரை கேள்வி கேட்டார்கள். எனக்கு அன்று வியாபாரமில்லை.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கச்சிமாருக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இவ்வளவுதான்: 'எனக்கு ஏன் வரல்ல?' என்று ஒருவர் வந்தால் உடனே போனைக் கையில் வாங்காதீர்கள். 'ஆருக்கு வந்திரிக்கு?' என்று கேளுங்கள். திருத்த வேண்டியது பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.