எருமைக்குப் போன பப்பாளி

எட்டு வயதில் எனக்கு எங்கள் வீட்டு எருமைமேல் பொல்லாத கோபம் இருந்தது. எனக்கு வர வேண்டிய பப்பாளியை அது தின்றுகொண்டிருந்தது.

பப்பாளி பக்கத்து வீட்டுப் பெரியம்மா கொடுப்பது. சொந்தப் பெரியம்மா இல்லை. தொண்ணூறுகளில் சூலூரில் எங்கள் சுவரை ஒட்டிய வீட்டில் இருந்தவர். பிள்ளைகள் இல்லை. புருஷனும் பெண்டாட்டியும் தின்று தீராத அளவுக்கு அவர்கள் மரம் காய்த்துத் தள்ளியதால், பழுக்கப் பழுக்க ஒரு போசியில் வைத்துக் கொண்டுவருவார். வந்த போசியை வெறுமனே திருப்பிவிடுவது எங்கள் பக்கம் மரியாதை இல்லை. அம்மா அதைக் கழுவி எருமைத் தயிர் ஊற்றி அனுப்புவாள். நடுவில் பழம் என் வயிற்றுக்குள் போகும்.

அந்தக் கோடையில் வெள்ளகோவிலிலிருந்து அத்தை, அப்பாவின் அக்கா, வந்து தங்கினார். மறுநாளே ஆரம்பித்தது அக்கிரமம். அம்மா சிரித்த முகமாகப் பழத்தை வாங்குவாள், தயிரும் தவறாமல் போகும். பழத்தை மட்டும் அத்தை எருமையின் கழனித்தொட்டியில் நறுக்கிப் போட்டுவிடுவார். ஒரு கீற்றாவது கேட்டேன். அது வீட்டுக்குள்ளேயே வரக்கூடாதாம். பெரியம்மாவிடம் வாயைத் திறந்தால் தோலை உரித்துவிடுவாராம். அம்மா பாட்டுக்குக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கேட்க நாதியில்லாத வீடாகிவிட்டதே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எத்தனை நாள் பொறுப்பது? தயிர் கொண்டுபோன ஒரு காலையில் பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். அவர் வந்து அத்தையை நாலு கேள்வி கேட்பார் என்று நம்பினேன். அவர் கேட்டது என்னை.

"ஏஞ்சாமி, அம்மா காலைல வாந்தி எடுக்கறாளா?"

"ஆமாங்க."

அவர் முகம் பூரித்துப் போனது. பிறகு மெதுவாகக் கேட்டார்.

"சொல்லக்கூடாதுன்னது எல்லாருகிட்டயுமா, எங்கிட்ட மட்டுமா?"

"உங்ககிட்ட மட்டுந்தானுங்க."

உள்ளே போனவர் வெகுநேரம் வரவில்லை. வந்தபோது போசி நிறைய மாங்காய் இருந்தது. "அம்மாளுக்குக் குடு கண்ணு. எங்கையால வந்ததுன்னு அத்தைகிட்டச் சொல்லோண்டாம்" என்றார்.

நியாயம் கேட்கப் போன எனக்கு ஒன்றுமில்லை, அம்மாவுக்கு மாங்காய். அன்றோடு அவர் எங்கள் வாசலுக்கு வருவதும் நின்றது. அம்மா சுவரோரம் நின்று கூப்பிட்டாலும் வேலை இருக்கிறது என்பார்.

அம்மாவுக்கு அதற்கு முன் ஒரு கரு தங்காமல் போயிருந்தது எனக்குப் பின்னாளில்தான் தெரிந்தது. பப்பாளி ஆகாது என்று பயந்ததையாவது விட்டுவிடலாம். பிள்ளை பெறாதவள் கண் பட்டுவிடும், அவளுக்கு மட்டும் தெரியக்கூடாது என்று அத்தை சொன்னாராம். அதற்கு அம்மா தலையாட்டியிருக்கிறாள். இப்படிப் பேர் வாங்கவா அந்த மனுஷி பழம் கொடுத்தார்? நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை.

தம்பி பிறந்து வீட்டுக்கு வந்த அன்று தெருவே வந்து பார்த்தது. பெரியம்மா மட்டும் சுவருக்கு அந்தப் பக்கம் நின்று என்னைக் கூப்பிட்டு, பிள்ளை யார் ஜாடை என்று கேட்டார். நாலடி நடந்து வந்தால் தானே பார்த்துக்கொள்ளலாம், இதற்கு எதற்கு என்னைக் கூப்பிடுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.