மேலுக்கு மட்டும் நுங்கு

ஒரகடத்துத் தொழிற்சாலை வேலைக்காகக் குடிவந்த கொரியக் குடும்பமொன்று பட்டுப்புடவை வாங்கக் காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையம் வந்திருக்கிறது. நான் மொழிபெயர்ப்பாளன். ஐந்து வயது மினாவின் கைகளெங்கும் வியர்க்குரு. அரிப்பால் அவள் மூன்று நாளாக உறங்கவில்லை. இன்றும் தணியாவிடில் தாயகம் திரும்புவதென்று அவளுடைய தாய் உறுதிபூண்டிருக்கிறார்.

தறி வீட்டுக்கு எதிரே நுங்கு சீவும் அம்மாள் கத்தியை நிறுத்துகிறார்.

"இன்னாபா, கொயந்த சொறிஞ்சிக்கினே இருக்குது! நுங்குத் தண்ணிய மேலுக்குத் தடவச் சொல்லு."

பனையின் பெருமையைக் கொரிய மொழியில் முழங்குகிறேன். காய்ச்சாத நீரை இந்நாட்டில் பருகியறியாத தாய், தோலுக்கு மட்டும் இசைகிறார்; வாய்க்குத் தடை. அம்மாளின் கைகளிலும் கிருமிநாசினி ஊற்றுகிறார்.

"எனக்கு இன்னா நோவாம்? கேளுபா!" என்று சிரித்தவாறே அம்மாள் நுங்கைப் பிதுக்கித் தடவுகிறார்.

மினா சொறிவதை நிறுத்துகிறாள். பிறகு தன் கையை முழங்கைவரை நக்குகிறாள். தாய் அலறுகிறார்.

"ஒண்ணும் ஆவாதும்மா! நீயும் ஒண்ணு துன்னு."

மொழிபெயர்க்கிறேன். தாய், சொறியாத மகளை நெடுநேரம் பார்க்கிறார். "பயணச்சீட்டை நாளை பார்க்கலாம்" என்று கணவரிடம் கூறிவிட்டு, தம் கழுத்தில் தடவவென்று ஒரு நுங்கு கேட்கிறார். அது கழுத்தின் வெளிப்புறத்தைத் தொடாமலே உள்ளே இறங்குகிறது.