அந்த ஆளுக்குத் தெரியாத எண்

"மிஸ்... நான் காலேஜை விட்டுட்டேனாம்!"

வகுப்பு வாசலில் நின்று மாலதி இப்படிச் சொன்னபோது நான் விளையாட்டு என்றுதான் நினைத்தேன். முகத்தைப் பார்த்த பிறகு நினைக்கவில்லை.

கோல சிலாங்கூரில், கடைவீட்டு மாடியில் இயங்கும் ஒரு சின்னத் தனியார் கல்லூரியில் நான் பகுதி நேரமாகப் பாடம் எடுப்பது இந்தப் பக்கத்தைப் படிப்பவர்களுக்குத் தெரியும். மாலதி அங்கே பாலர் கல்வி டிப்ளோமா படிக்கிறார். (பெயரை மாற்றியிருக்கிறேன். காரணம் போகப் போகப் புரியும்.) முப்பதைத் தாண்டியவர். சக மாணவர்கள் "அக்கா" என்றுதான் கூப்பிடுவார்கள். கணவனை விட்டு வந்து, மகளோடு புக்கிட் பெலிம்பிங்கில் தன் அக்காள் வீட்டில் இருக்கிறார். ஏன் விட்டு வந்தார்? அவருடைய இடது கை இன்னும் முழுசாக நீளாது. அதற்கு மேல் நான் கேட்டதில்லை.

"யார் சொன்னது?" என்றேன்.

"போர்ட்டல்ல போட்டிருக்கு மிஸ். நானே விலகுறேன்னு மனு கொடுத்திருக்கேனாம். சொந்தக் காரணமாம். நான் கொடுக்கவே இல்ல லா!"

இருவரும் கீழே அலுவலகத்துக்கு ஓடினோம். பதிவாளர் குணா கணினியைத் திருப்பிக் காட்டினார்.

"உங்க ஐ.சி. நம்பர், உங்க பாஸ்வேர்ட். ரெண்டும் சரியா போட்டுத்தான் உள்ள வந்திருக்காங்க. வேற ஆளு எப்படிம்மா வர முடியும்?"

"பாஸ்வேர்ட் நீங்க கொடுத்ததுதானே சார்? எல்லாருக்கும் பொறந்த தேதி."

நம் ஐ.சி. என்கிற அடையாள அட்டை எண்ணின் முதல் ஆறு இலக்கம் என்ன? பிறந்த தேதி! பூட்டின் மேலேயே சாவியை ஒட்டி வைத்திருந்தோம்.

மாலதி நாற்காலியில் உட்கார்ந்தார். குரல் இறங்கிவிட்டது.

"எம் புருஷனுக்கு என் ஐ.சி. நம்பர் மனப்பாடம் சார்."

சரி, அவர் இங்கே படிப்பது அந்த ஆளுக்கு எப்படித் தெரிந்தது? அதையும் நாங்களே சொல்லியிருந்தோம். புது மாணவர் பட்டியலைக் கல்லூரி முகநூலில் போட்டிருந்தது — முழுப் பெயர், ஐ.சி. எண், வகுப்பு நாள், அறை... எதையும் விட்டுவைக்கவில்லை.

குணா மனுவை அப்போதே ரத்து செய்தார். முகநூல் பதிவையும் நீக்கினார். மாலதி திரையைச் சுட்டிக் காட்டினார். போர்ட்டலின் அடுத்த பக்கத்தில் அவருடைய இப்போதைய வீட்டு முகவரி இருந்தது!

அன்று மதியமே போலீஸில் புகார் கொடுத்தோம். திரும்பி வரும்போது நான்தான் சொன்னேன்: "கொஞ்ச நாளைக்கு வகுப்புக்கு வராம இருங்களேன், மாலதி."

காரை நிறுத்தச் சொல்வாரோ என்று பயந்துவிட்டேன். அப்படி ஒரு பார்வை.

"அவன் கேட்டதும் அதான மிஸ்? நான் ஏன் நிக்கணும்? நீங்க நம்பரை மாத்துங்க."

"ஐ.சி. நம்பரை எப்படி மாத்துறது?"

"அதைத்தான் சொல்றேன். அது சாகுற வரைக்கும் கூடவே வரும். காலேஜ் கார்டுல ஒரு நம்பர் இருக்குல்ல? அது அவனுக்குத் தெரியாது. அதை வெச்சுக் கூப்பிடுங்க என்னைய."

மாணவர் எண்! எல்லாருடைய கார்டிலும் இருக்கிறது. நூலகத்தில் புத்தகம் எடுப்பதைத் தவிர அதற்கு வேறு வேலையே கொடுத்ததில்லை.

மறுநாள் குணாவிடம் போய் நின்றார்.

"உங்களுக்கு மட்டும் மாத்தித் தர்றேன்மா. எல்லாருக்கும்னா சிஸ்டத்தையே மாத்தணும் லா. மேல ஒத்துக்க மாட்டாங்க."

"எனக்கு மட்டும் மாத்துனா, எனக்குத்தான் பிரச்சனைன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும் சார். எல்லாருக்கும் மாத்துங்க."

யோசித்துப் பாருங்கள். பேரங்காடியில் அதிர்ஷ்டக் குலுக்கலா? ஐ.சி. நம்பர். குடியிருப்புப் பகுதிக்குள் நுழையவா? ஐ.சி. நம்பர். கேட்டால் கொடுத்துவிடுகிறோம். கேட்காவிட்டால், "ஐ.சி. வேணாமா?" என்று நாமே கேட்கிறோம்! அது யார் கைக்குப் போகிறது என்று ஒரு நாளாவது...?

மாலதி தன் வகுப்பிடம் பேசினார். முழுக்கதையையும் சொல்லவில்லை. தேவைப்படவும் இல்லை. அடுத்த வகுப்பில் வருகைத் தாள் என்னிடம் வந்தபோது, ஐ.சி. எண்ணுக்கான கட்டம் முழுக்கக் கோடு. பக்கத்தில் எல்லாரும் மாணவர் எண் எழுதியிருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பினேன். அலுவலகம் திருப்பி அனுப்பியது. நான் மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது. இந்த முறை கொண்டு வந்தவர் குணா.

"மிஸ்... நீங்களுமா?"

"நானும்தான் சார்."

படியேறிய மூச்சு வாங்கியது அவருக்கு. வகுப்பைப் பார்த்தார். கடைசியில் என் மேசையருகே குனிந்து சொன்னார்: "நேத்து என் மக படிக்கிற இடத்து லிஸ்டைத் தேடிப் பார்த்தேன் மிஸ். அதுலயும் முழு நம்பர் கிடக்கு. எனக்குத் தூக்கம் வரல. நான் மேல பேசுறேன்."

பேசினார். சும்மா இல்லை, விடாமல் பேசினார். கல்லூரி இறங்கி வர ஒரு மாதத்துக்கு மேலானது. இப்போது போர்ட்டலில் நுழைய மாணவர் எண்ணும், அவரவர் போட்ட கடவுச்சொல்லும் வேண்டும். முகவரி அங்கே தெரிவதில்லை. தேர்வு முடிவு ஒட்டினால் எண் மட்டும்தான், பெயர்கூட இல்லை. ஓர் அப்பா தஞ்சோங் காராங்கிலிருந்து வந்து சத்தம் போட்டார்: "என் பையன் பாஸா ஃபெயிலான்னு நான் எப்படிப் பார்க்கிறது?" குணா அமைதியாகச் சொன்னார்: "பையனையே கேளுங்க சார்."

போன வாரம் அந்த ஆள் நேரில் வந்தான்.

கவுன்டரில் மாலதியின் ஐ.சி. எண்ணைக் கடகடவென்று ஒப்பித்தானாம். "என் சம்சாரம். எந்த ரூம்ல கிளாஸ்?"

"நாங்க ஐ.சி.ய வெச்சு யாரையும் தேடுறதில்ல. மாணவர் எண் சொல்லுங்க" என்றாராம் குணா.

அவனிடம் இல்லை. நின்றான். மேசையைத் தட்டினான். குணா தொலைபேசியை எடுத்துப் போலீஸைக் கூப்பிடத் தொடங்கியதும் போய்விட்டான். மாலதி அந்த நேரம் மாடியில் பாடம் நடத்திக் காட்டும் பயிற்சியில் இருந்தார். முடிந்த பிறகுதான் சொன்னோம். முழுவதையும் கேட்டுக்கொண்டார். அப்புறம் பையைத் தோளில் மாட்டினார்.

"வாங்க சார், இன்னொரு ரிப்போர்ட் போடணும். சீக்கிரம் போலாம். நாளைக்கு எனக்கு டெஸ்ட் இருக்கு."

உங்கள் பிள்ளை படிக்கும் கல்லூரிச் சுவரில் எந்த எண் ஒட்டியிருக்கிறது? ஒரு எட்டு போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்களேன்... அந்த ஆள் பார்ப்பதற்கு முன்.